நைத்திரோசெலுலோசு தானாகச் சூடேறுவதும் உறுதியாக்கிகள் அதைத் தாமதப்படுத்துவதும்

அட்டன், பதுளை, பண்டாரவளை, நுவரெலியா போன்ற இலங்கை மலையக நகரங்களின் பழைய புகைப்பட நிலையங்களிலும், சில குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் தகரப் பெட்டிகளிலும், 1950ஆம் ஆண்டுக்கு முன்னர் எடுக்கப்பட்ட படங்களின் நெகட்டிவ்கள் இன்னும் கிடக்கக்கூடும். கண்ணாடித் தட்டாக இல்லாமல் வளைந்துகொடுக்கும் பிலிமாக உள்ளவற்றுள் ஒரு பகுதி நைத்திரோசெலுலோசு என்னும் பொருளால் ஆனது. இப்பொருள் வெளியிலிருந்து யாரும் தீ வைக்காமலே தன்னுள் வெப்பத்தை உண்டாக்கக்கூடியது என்பதும், அதனுடன் எதைச் சேர்க்கிறோம், எதைச் சேராமல் பார்த்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் சில மாதங்களாகவோ பல பத்தாண்டுகளாகவோ அமையும் என்பதும் உயர்தர இரசாயனவியல் கற்கும் மாணவர் எவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய விடயங்கள். தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த எங்கள் முந்தைய தலைமுறையினரின் படங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. ஆகையால் இந்த இரசாயனத்தை அறிந்துகொள்வது எங்களுக்குப் பாடத்துக்கு மட்டும் உரிய வேலையல்ல என்று நான் கருதுகிறேன்.

பருத்தி, மரம், கடதாசி ஆகிய எல்லாவற்றிலும் உள்ள செலுலோசு, குளுக்கோசு அலகுகள் நீண்ட சங்கிலியாக இணைந்த ஒரு பல்பகுதியம். ஒவ்வோர் அலகிலும் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டு. இவற்றுள் சில அல்லது எல்லாம் நைத்திரேற்றுக் கூட்டங்களாக மாற்றப்பட்டால் கிடைப்பதே நைத்திரோசெலுலோசு. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய இரசாயனவியலாளர் கிறித்தியான் பிறீட்றிக் சோன்பைன் 1846இல் இதனை உலகுக்கு அறியத்தந்தார். மூன்று கூட்டங்களும் முழுமையாக மாறினால் பொருளில் நைதரசனின் பங்கு 14.14 சதவீதமாக இருக்கும்; பிலிம், அரக்குப்பூச்சு, நகப்பூச்சு போன்றவற்றுக்குப் பயன்படும் வகைகளில் அது 11 முதல் 12 சதவீதம் அளவிலேயே இருக்கும். நைதரசன் கூடக்கூட எரியும் வேகமும் கூடும். மரத்தளபாடங்களுக்குத் தெளிக்கும் லாக்கரிலும் கடையில் வாங்கும் நகப்பூச்சிலும் இன்றும் இதுவே படலத்தை உருவாக்கும் பொருளாக உள்ளது. மேசைப்பந்தாட்டப் பந்தும் நீண்ட காலம் இதிலிருந்து செய்யப்பட்ட செலுலொயிட்டால் ஆனதாகவே இருந்தது; 2014ஆம் ஆண்டிலிருந்துதான் சர்வதேசப் போட்டிகள் வேறு பிளாத்திக்குப் பந்துகளுக்கு மாறின.

இப்பொருளின் பலவீனம் முழுவதும் ஒரே ஒரு பிணைப்பில் இருக்கிறது. நைத்திரேற்று எசுத்தரில் ஒட்சிசனுக்கும் நைதரசனுக்கும் இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 160 முதல் 170 கிலோயூல் போதும்; அதே மூலக்கூற்றிலுள்ள காபன்–காபன் பிணைப்புக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். எந்த வெப்பநிலையிலும் மூலக்கூறுகளின் சக்தி சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதில்லை என்பதால், அறை வெப்பநிலையில்கூட மிகச் சில பிணைப்புகள் ஒவ்வொரு கணமும் உடைந்துகொண்டே இருக்கின்றன. உடைந்தவுடன் சங்கிலியில் ஒரு சுயாதீன மூலிகம், அதாவது சோடியில்லாத இலத்திரன் கொண்ட தாக்குதிறன் மிக்க பகுதி, எஞ்சுகிறது. நைதரசனீரொட்சைட்டு என்னும் செங்கபில நிற வாயு விடுபடுகிறது. இந்த முதற்படியை எந்தச் சேர்க்கைப் பொருளாலும் நிறுத்த முடியாது. பிணைப்பு உடைவது அந்த மூலக்கூற்றின் இயல்பு. அருகில் வேறொரு பொருளை வைப்பதால் அவ்வியல்பு மாறிவிடாது. இக்கட்டுரையில் பின்னர் சொல்லப்படும் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே வருவதால் வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதற்படி மட்டுமே நடந்துகொண்டிருந்தால் நைத்திரோசெலுலோசு நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும். விடுபட்ட வாயு வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவதிலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. நைதரசனீரொட்சைட்டு பொருளிலுள்ள சிறிதளவு ஈரத்துடன் சேர்ந்து நைத்திரிக் அமிலத்தையும் நைத்திரசு அமிலத்தையும் தருகிறது. அமிலம் இருக்குமிடத்தில் எசுத்தர் நீர்ப்பகுப்புக்கு உள்ளாகும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நைத்திரேற்று எசுத்தரும் அதற்கு விலக்கல்ல. அந்த நீர்ப்பகுப்பு மேலும் நைத்திரிக் அமிலத்தை விடுவிக்கிறது. இதற்கிடையில் நைதரசன் ஒட்சைட்டுகள் செலுலோசுச் சங்கிலியையே ஒட்சியேற்றி, அதைத் துண்டாக்கி, வெப்பத்தையும் நீரையும் வெளிவிடுகின்றன. அந்த நீர் அடுத்த நீர்ப்பகுப்புக்குப் பயன்படுகிறது. ஒரு தாக்கத்தின் விளைபொருளே அத்தாக்கத்துக்கு ஊக்கியாக அமைவதைத் தன்னூக்கல் என்கிறோம். தன்னூக்கல் தாக்கத்தின் வேகம் தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாக இருந்து, நீண்ட காலத்துக்குப் பின்னர் திடீரெனக் கூர்மையாக ஏறும். பல ஆண்டுகள் எவ்விதக் குறையும் காட்டாதிருந்த பிலிம் ஒன்று சில மாதங்களுக்குள் முற்றாகச் சிதைந்துபோவதற்கு இதுவே காரணம்.

வேகம் ஏறும்போது வெப்பமும் ஏறுகிறது. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நேரத்துக்கு நிறுக்காமல் வைத்துவிட்டால் நடுவில் சூடேறி இலை சிவந்துபோவதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் அறிவர். அதே கொழுந்தை வாட்டும் தட்டில் மெல்லிதாகப் பரப்பினால் அந்தச் சூடு தங்குவதில்லை. இலை சுவாசித்து உண்டாக்கும் வெப்பம் குவியலின் கனவளவைப் பொறுத்துப் பெருகுகிறது. அது வெளியேறுவதோ குவியலின் மேற்பரப்பினூடாக மட்டுமே. நைத்திரோசெலுலோசிலும் இதே கணக்குத்தான். ஒற்றை நெகட்டிவ் ஒன்று உறையில் தனியே இருக்கும்போது அதில் உண்டாகும் வெப்பம் உடனே காற்றில் கலந்துவிடும். நூற்றுக்கணக்கான நெகட்டிவ்கள் இறுக்கமாக அடுக்கிய பெட்டியிலோ மூடிய உருளைச் சுருளிலோ நடுப்பகுதியின் வெப்பம் வெளியேற வழியின்றி வெப்பநிலையை உயர்த்துகிறது. உயர்ந்த வெப்பநிலை தாக்கத்தை மேலும் விரைவுபடுத்துகிறது. உண்டாகும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை விஞ்சும் புள்ளியைக் கடந்தபின் தீப்பற்றுவது நேரத்தைப் பொறுத்த விடயம். எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் நைத்திரேற்றுக் கூட்டத்திலேயே இருப்பதால், காற்றை மறைத்தோ நீரில் அமிழ்த்தியோ இந்தத் தீயை அணைத்துவிட முடியாது.

ஆகவே வெப்ப உறுதி என்பதை ஒரே ஒரு வெப்பநிலை எண்ணாக நினைப்பது தவறான விளக்கத்தைத் தரும். ஆய்வுகூடத்தில் ஒரு சிறு மாதிரியை நிமிடத்துக்கு 10 பாகை என்ற வீதத்தில் சூடேற்றினால், நைத்திரோசெலுலோசு ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் கடுமையாகப் பிரிவதைக் காணலாம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் 200 பாகை ஒருபோதும் வராதே என்று ஆறுதல் அடைவதற்கில்லை. மிகவும் சிதைந்துவிட்ட நைத்திரேற்றுப் பிலிம் சுருள்கள் வெப்பம் வெளியேறாத நிலையில் 40 பாகையைச் சற்று விஞ்சிய வெப்பத்தில் பல நாட்கள் இருந்தபோது தானாகத் தீப்பற்றியிருக்கின்றன. புதிய பொருள், பழைய பொருள், அதன் அளவு, அதிலுள்ள அமிலம், அது எத்தனை காலம் அந்த வெப்பத்தில் இருந்தது ஆகிய எல்லாம் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கின்றன. விரைவாகச் சூடேற்றும் சோதனையில் பெரிய வேறுபாட்டைக் காட்டாத ஒரு சேர்க்கைப் பொருள், களஞ்சியத்தில் வைத்திருக்கும்போது ஆயுளைப் பல மடங்கு கூட்டுவது இதனாலேயே.

சேர்க்கைப் பொருள்களைப் பற்றிப் பேசுமுன், சேர்ந்திருக்கக் கூடாத பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைத்திரோசெலுலோசு உற்பத்தியில் நைத்திரிக் அமிலத்துடன் சல்பூரிக் அமிலமும் பயன்படுகிறது. பருத்தி நார் உள்ளே குழல் போன்றது. அக்குழலினுள் அமிலம் தங்கிவிட்டால் மேலோட்டமாகக் கழுவுவதால் அது நீங்காது. சில ஐதரொட்சில் கூட்டங்கள் சல்பேற்று எசுத்தராக மாறியும் இருக்கும். அவை காலப்போக்கில் சிதைந்து மீண்டும் சல்பூரிக் அமிலத்தைத் தரும். தன்னூக்கல் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல், ஊக்கியான அமிலம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது என்பது இதன் பொருள். 1847 யூலை மாதத்தில் இங்கிலாந்தின் பவர்சம் நகரிலிருந்த துப்பாக்கிப் பருத்தித் (வெடிபொருளாகப் பயன்படும் நைத்திரோசெலுலோசு) தொழிற்சாலை வெடித்து ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இத்தகைய விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்ததால் பல நாடுகள் இப்பொருளையே கைவிட்டன. பிரெட்றிக் ஏபல் என்ற பிரித்தானிய இரசாயனவியலாளர் 1865இல் நாரை மிக நுண்ணிதாக அரைத்துக் கூழாக்கி, குழலினுள் சிக்கிய அமிலம் வெளிவரும்வரை நீண்ட நேரம் கழுவும் முறையைப் பதிவுசெய்தார். அதன் பின்னரே நைத்திரோசெலுலோசை நம்பிக் களஞ்சியப்படுத்த முடிந்தது. சிதைவைத் தாமதப்படுத்தச் சேர்க்கப்படும் எந்த உறுதியாக்கியும் நன்றாகக் கழுவுவதற்கு ஈடாகாது என்பதே இத்துறையின் முதற் பாடம் என்பேன்.

நன்கு கழுவிய பொருளிலும் முதற்படி நடந்துகொண்டே இருப்பதால், புதிதாக உண்டாகும் அமிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அமிலமென்றால் மூலத்தைச் சேர்த்து நடுநிலையாக்கலாமே என்பது வகுப்பில் மாணவர் உடனே சொல்லும் விடை. ஆரம்ப காலத்தில் அவ்வாறுதான் கல்சியம் காபனேற்றுத் தூள், அதாவது சுண்ணக்கட்டித் தூள், சேர்க்கப்பட்டது. அது ஓரளவு பயன் தந்தாலும் மூன்று குறைகள் உண்டு. திண்மத் துணிக்கையாக இருப்பதால் தான் தொடும் இடத்திலுள்ள அமிலத்தை மட்டுமே அது பிடிக்கும். நாரின் உள்ளே உண்டாகும் அமிலம் அதனை அடைய வேண்டும். நைதரசனீரொட்சைட்டு வாயுவை அது நேரடியாகக் கைப்பற்றாது. நடுநிலையாக்கலில் நீர் உண்டாகிறது. நீர் இங்கே வேண்டாத விருந்தாளி. இவற்றை உணர்ந்து வலிமையான காரம் ஒன்றைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏனெனில் எசுத்தர்கள் காரத்தாலும் நீர்ப்பகுப்படையும், அதுவும் அமிலத்தைவிட விரைவாக. கழிவு நைத்திரோசெலுலோசை அழிப்பதற்கு காரக் கரைசலைப் பயன்படுத்துவதுண்டு என்பதிலிருந்தே, பாதுகாக்க விரும்பும் பொருளில் அதனைச் சேர்க்கக் கூடாது என்பது விளங்கும்.

வேறொரு வழியைப் பிரான்சு முயன்றது. அங்கு போல் வியேல் 1884இல் நைத்திரோசெலுலோசைக் கொண்டு உருவாக்கிய புகையற்ற வெடிமருந்துக்கு உறுதியாக்கியாக அமைல் அற்ககோல் சேர்க்கப்பட்டது. நைதரசன் ஒட்சைட்டுகளுடன் அது தாக்கமுற்று அவற்றை அகற்றும் என்பது உண்மை. ஆனால் அது ஆவியாகும் திரவம். வெப்பமான கப்பற் களஞ்சியங்களில் ஆண்டுகள் செல்லச் செல்ல அது ஆவியாகிப் போக, மருந்து பாதுகாப்பற்றதாக எஞ்சியது. 1907 மார்ச் 12ஆம் திகதி துலோன் துறைமுகத்தில் இயேனா என்ற போர்க்கப்பலும், 1911 செப்ரெம்பர் 25ஆம் திகதி அதே துறைமுகத்தில் லிபெர்த்தே என்ற போர்க்கப்பலும் வெடித்துச் சிதறின. முதலாவதில் ஏறத்தாழ 120 பேரும் இரண்டாவதில் ஏறத்தாழ 300 பேரும் உயிரிழந்தனர். களஞ்சியத்திலிருந்த மருந்து சிதைந்தமையே காரணமெனக் கொள்ளப்பட்டது. உறுதியாக்கி எவ்வளவு நன்றாகத் தாக்கமுறுகிறது என்பதோடு, அது பொருளை விட்டுப் போகாமல் உடனிருக்குமா என்பதையும் பார்க்க வேண்டுமென்பதை இத்தனை உயிர்களைக் கொடுத்தே உலகம் அறிந்துகொண்டது.

இந்த நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் பெருமளவு பொருந்திவந்த சேர்வை இருபீனைலமீன். இரண்டு பென்சீன் வளையங்களை ஒரு நைதரசன் அணு இணைக்கும் எளிய மூலக்கூறு அது. அந்நைதரசனுடன் ஓர் ஐதரசனும் இருக்கிறது. அமீனாக இருந்தபோதிலும் அதன் நைதரசனிலுள்ள தனிச்சோடி இலத்திரன்கள் இரு வளையங்களினுள்ளும் பரவிவிடுவதால், மூலவலிமையில் அது அமோனியாவைவிடப் பல கோடி மடங்கு குறைந்தது. எனவே அது நைத்திரேற்று எசுத்தரைத் தாக்காது. அதே இலத்திரன்களால் வளையங்கள் செறிவூட்டப்பட்டிருப்பதால் நைதரசன் ஒட்சைட்டுகளும் நைத்திரிக், நைத்திரசு அமிலங்களும் செலுலோசுச் சங்கிலியைத் தாக்குமுன் இதனுடன் தாக்கமுறுகின்றன. அது திண்மம், எளிதில் ஆவியாகாதது, நைத்திரோசெலுலோசினுள் சீராகக் கரைந்து பரவக்கூடியது. சுண்ணக்கட்டித் தூளைப் போல அங்குமிங்குமாக நில்லாமல், அமிலம் எங்கு தோன்றினாலும் அங்கேயே இருக்கிறது.

அது தாக்கமுறும் ஒழுங்கு மிக அழகானது. மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. முதலில் நைதரசன் அணுவிலுள்ள ஐதரசன் நீங்கி, அவ்விடத்தில் நைத்திரோசோக் கூட்டம் ஏறுகிறது. கிடைப்பது நைத்திரோசோ இருபீனைலமீன். வழக்கமாகப் பயன்பட்டுத் தீர்ந்த பொருள் உதவாது என்றே எண்ணுவோம். இங்கோ இந்த முதல் விளைபொருளும் நல்ல உறுதியாக்கியாகவே இருக்கிறது. அடுத்து வளையங்களின் 2ஆம், 4ஆம் தானங்களில் நைத்திரோக் கூட்டங்கள் ஏறுகின்றன; பின்னர் இரண்டாவதாக, மூன்றாவதாக மேலும் நைத்திரோக் கூட்டங்கள் சேர்கின்றன. நைத்திரோக் கூட்டம் இலத்திரன்களைத் தன்பக்கம் இழுப்பதால், ஒவ்வொன்று ஏறும்போதும் வளையத்தின் தாக்குதிறன் குறைகிறது. கடைசிக் கட்டச் சேர்வைகளுக்கு நைதரசன் ஒட்சைட்டைப் பிடிக்கும் ஆற்றல் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒரு இருபீனைலமீன் மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட நைதரசன் ஒட்சைட்டு மூலக்கூறுகளை அகற்றிவிட்டுப் படிப்படியாக ஓய்ந்துபோகிறது. வெடிமருந்தில் அது நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே சேர்க்கப்படுகிறது. அந்தச் சிறு அளவு பொருளைப் பல பத்தாண்டுகள் காக்கிறது.

இங்கே முன்னர் சொன்னதை நினைவுகூர வேண்டும். உறுதியாக்கி பிணைப்பு உடைவதை நிறுத்தவில்லை. உடைந்தபின் வெளிவருவது திரும்பிச் சங்கிலியைத் தாக்குவதை மட்டுமே தடுக்கிறது. பிரிகை மெல்லிய நேர்கோட்டு வேகத்தில் தொடர்ந்து நடக்கிறது. அது தன்னூக்கல் கட்டத்துக்குள் நுழைவதுதான் தள்ளிப்போகிறது. அந்தத் தள்ளிப்போடுதலுக்காக உறுதியாக்கி ஒவ்வொரு நாளும் செலவாகிறது. அது தீர்ந்த பின்னர் பொருள் எந்தப் பாதுகாப்பும் இல்லாத நைத்திரோசெலுலோசாக, அதுவும் ஏற்கனவே முதுமையடைந்த நைத்திரோசெலுலோசாக நிற்கும். ஆகையால் உறுதியாக்கி சேர்க்கப்பட்டது என்ற செய்தியைவிட, அதில் எவ்வளவு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்ற செய்தியே பெறுமதியானது. படைக்களஞ்சியங்களில் குறித்த கால இடைவெளியில் மாதிரி எடுத்து, நிறப்பகுப்பு முறையால் (கலவையிலுள்ள சேர்வைகளைப் பிரித்தறியும் முறை) இருபீனைலமீனையும் அதன் விளைபொருள்களையும் தனித்தனியே அளப்பது இதற்காகவே.

இருபீனைலமீன் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. நைத்திரோகிளிசரீனும் கலந்த மருந்துகளுக்கு அதன் மூலத்தன்மைகூட அதிகமாகிவிடுவதால், அங்கு இன்னும் மென்மையான சென்றலைற்று என்ற யூரியாப் பெறுதிகள் பயன்படுகின்றன. பிரித்தானியர் 1889இல் உருவாக்கிய கோடைற்று மருந்தில் வசலீன் சேர்க்கப்பட்டது. துப்பாக்கிக் குழாயின் உட்புறம் தேயாமலிருக்கட்டும் என்ற எண்ணத்தில் சேர்த்தது அது. பின்னர்தான் அதிலுள்ள நிரம்பாத ஐதரோகாபன்கள் நைதரசன் ஒட்சைட்டுகளைப் பிடித்து உறுதியாக்கியாகவும் வேலைசெய்வது தெரியவந்தது.

உறுதியை அளக்கும் சோதனைகளும் இந்த இரசாயனத்தையே அடிப்படையாகக் கொண்டவை. மெதைல் ஊதாத் தாளை மாதிரியின் மேலே வைத்து 134.5 பாகையில் சூடேற்றினால், வெளிவரும் நைதரசன் ஒட்சைட்டுகளால் அதன் ஊதா நிறம் மாறி இறுதியில் இளஞ்சிவப்பாகும். அதற்கு எத்தனை நிமிடம் எடுக்கிறதோ அதுவே அளவு. இன்று அதைவிட நம்பகமான முறையில், மாதிரி வெளிவிடும் மிகச் சிறிய வெப்பத்தையே நுண்கலோரிமானியால் நாட்கணக்கில் பதிவுசெய்கிறார்கள். 80 பாகையில் ஏறத்தாழ 11 நாட்கள் வைத்துப் பார்ப்பது 25 பாகையில் 10 ஆண்டுகள் களஞ்சியப்படுத்துவதற்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது. 55 பாகை வேறுபாடு பத்தாண்டை 11 நாட்களாகச் சுருக்குகிறது என்பதிலிருந்து, வெப்பநிலையின் ஆதிக்கம் எவ்வளவு பெரியது என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வேறு நோக்கத்துக்காகச் சேர்க்கப்படும் பொருள்களும் வெப்ப உறுதியைப் பாதிக்கின்றன. செலுலொயிட்டில் நைத்திரோசெலுலோசுடன் கற்பூரம் கலந்திருக்கும். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கரான யோன் வெசுலி அயற்று இதனைத் தொழில்முறையில் நிலைநாட்டினார். கற்பூர மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை வழுக்கவிடுவதால் பொருள் வளையக்கூடியதாகிறது. அது அமிலத்தை நடுநிலையாக்குவதில்லை. திறந்துவைத்த கற்பூரம் பூசையறையில் கரைந்துபோவதைப் போலவே பிலிமிலிருந்தும் அது மெல்ல மெல்லப் பதங்கமாகி வெளியேறுகிறது. அதன் பின்னர் பிலிம் சுருங்கி, உடையும் தன்மை அடைகிறது.

போக்குவரத்தில் மூன்றாவது வகைச் சேர்க்கை ஒன்று உண்டு. உலர்ந்த நைத்திரோசெலுலோசு மிக எளிதில் தீப்பற்றும் என்பதால், கால் பங்குக்குக் குறையாத நீரோ அற்ககோலோ ஊற்றி ஈரமாக்கியே அது விற்கப்படுகிறது. ஈரம் வெப்பத்தை உறிஞ்சி, துகள்கள் சூடேறாமல் பார்த்துக்கொள்கிறது. 2015 ஓகத்து 12ஆம் திகதி சீனாவின் தியன்சின் துறைமுகக் களஞ்சியத்தில், கொள்கலனில் இருந்த நைத்திரோசெலுலோசின் இந்த ஈரம் கோடை வெப்பத்தில் உலர்ந்துவிட்டது. அது தானாகச் சூடேறித் தீப்பற்ற, தீ அருகிலிருந்த அமோனியம் நைத்திரேற்றை அடைந்து வெடித்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 173 பேர். பிரெஞ்சுக் கப்பல்கள் வெடித்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், ஆவியாகிப் போகும் சேர்க்கைப் பொருளை நம்பியதன் விளைவு மாறவில்லை.

இனி எங்கள் ஊர் நிலைமைக்கு வருவோம். புகைப்படப் பிலிமுக்கு வெடிமருந்தைப் போன்ற பாதுகாப்பு இல்லை. இருபீனைலமீனும் அதன் விளைபொருள்களும் மஞ்சள், பச்சை, நீலம் என நிறமேறுபவை. ஒளி தடையின்றி ஊடுருவ வேண்டிய பிலிமுக்கு அவை ஒவ்வா. ஆகவே பழைய நைத்திரேற்று நெகட்டிவ் ஒன்றின் ஆயுளைப் பெரும்பாலும் அதை வைத்திருக்கும் இடமே தீர்மானிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. கொழும்பில் அது 27 பாகை. பிரிகையின் ஏவற்சக்தியை (தாக்கம் தொடங்க வேண்டிய குறைந்தபட்சச் சக்தி) ஒரு கணக்குக்காக மூலுக்கு 100 கிலோயூல் என எடுத்து, வெப்பநிலையோடு தாக்கவேகம் மாறுவதைத் தரும் ஆறீனியசு சமன்பாட்டில் இட்டால், கொழும்பில் நடக்கும் வேகத்தில் நாலரையில் ஒரு பங்கு வேகத்திலேயே நுவரெலியாவில் தாக்கம் நடக்கும். குளிர் எங்களுக்குக் கிடைத்த இயற்கையான உதவி. ஆனால் தென்மேல் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் வெயிலே காணாத எங்கள் வீடுகளின் ஈரம் அந்த உதவியில் ஒரு பகுதியைப் பறித்துவிடுகிறது: நீர்ப்பகுப்புக்கு வேண்டிய நீரைக் காற்றே கொண்டுவந்து தருகிறது. தகரப் பெட்டி துருப்பிடிக்கிறது. உள்ளேயிருந்து வரும் நைத்திரிக் அமிலமும் அத்துருவைக் கூட்டுகிறது. இரும்பு ஒட்சைட்டு பிரிகையை மேலும் தூண்டக்கூடும்.

சிதைவு படிப்படியாகத் தெரியும். முதலில் பிலிம் தேன் நிறமாக மஞ்சளேறி, படம் மங்கும்; பின்னர் படத்தைத் தாங்கும் மேற்பரப்புப் படையான செலற்றின் பிசுபிசுத்து, நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் குமிழிகளும் மூக்கைத் துளைக்கும் அமில நெடியும் வரும்; கடைசியில் முழுவதும் கபிலத் தூளாகிவிடும். வினாகிரி மணம் வந்தால் அது வேறு வகையான அசற்றேற்றுப் பிலிம். அதற்கு இந்தத் தீ ஆபத்து இல்லை. சில பிலிம்களின் விளிம்பில் நைத்திரேற்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருக்கும். ஐயமுள்ள பிலிமைக் கொளுத்திப் பார்த்து அறிய முயல்வது உயிராபத்தானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை ஒன்றில் 1929 மே 15ஆம் திகதி களஞ்சியத்திலிருந்த எக்ஸ்கதிர்ப் பிலிம்கள் எரிந்தபோது இறந்த 123 பேரில் மிகப் பலரைக் கொன்றது சுவாலையல்ல. நைதரசன் ஒட்சைட்டும் காபனோரொட்சைட்டும் கலந்த புகையே.

எனவே அத்தகைய நெகட்டிவ்கள் வீட்டில் இருப்பின், முதலில் அவற்றைத் தகரப் பெட்டியிலிருந்தும் பிளாத்திக்கு உறைகளிலிருந்தும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, காற்று உட்புகும் அட்டைப் பெட்டியில் தளர்வாக வையுங்கள். இறுக்கி மூடினால் நைதரசனீரொட்சைட்டு உள்ளேயே தங்கி, பிரிகையின் வேகத்தைக் கூட்டும் என்பதை மேலே கண்டோம். கூரைத் தகரத்துக்குக் கீழுள்ள பரண், அடுப்படி, சுவாமிப் படத்தருகில் விளக்கேற்றும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் அவை இருக்கக் கூடாது. நிலத்திலிருந்து சற்று உயர்த்திய, ஈரமில்லாத, குளிர்ந்த அறையே பொருத்தமானது. ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்தெடுக்க முயலாமல், அவற்றை நல்ல நிலையிலுள்ளவற்றிலிருந்து அப்புறப்படுத்தி வேறாக வைத்து, எவ்வாறு அகற்றுவதென்று தீயணைப்புப் பிரிவினரிடம் கேளுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை, சூடேறும் விளக்குள்ள கருவிகளைத் தவிர்த்து, வெண்ணிற எல்ஈடி வெளிச்சப் பலகையின் மேல் வைத்துக் கமராவால் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகம்கூட விடுபடாமல் எல்லாவற்றையும் எடுத்து, உறையின் மேல் பென்சிலால் ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதிவையுங்கள்.